தடை கேட்ட மூன்று ஞாயிறு

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குக் கல்யாணம் என்றால் முதலில் ஓலை வாசிக்க வேண்டும். பெயர்தான் ஓலை, இப்போது அது அச்சடித்த படிவம். மாப்பிள்ளையின் சபையிலும் பெண்ணின் சபையிலும் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் அதை வாசிப்பார். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கல்யாணம் செய்ய நிச்சயித்திருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விடுகிற நேரம் நிறுத்துவார். பிறகு பெண்கள் சங்கக் கூட்டம், கல்லறைத் தோட்டத்துச் சுவர் வேலை என்று அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார்.

என் நாற்பத்தாறு வயதுக்குள் எத்தனையோ ஓலை கேட்டுவிட்டேன். அந்த இடைவெளியில் ஒருவர்கூட வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. தடை என்று ஏதாவது இருந்தால் அதெல்லாம் டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும்தான் பேசப்படும். கோவிலுக்குள் சொன்னால் சொன்னவர் யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் எங்களுக்கு. என் தம்பியின் ஓலையை வாசித்தபோது தடை என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது. மூன்று ஞாயிறும் தெரிந்திருந்தது. என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள இதில் ஒரு வழியும் இல்லை என்பதால் இத்தனை நாள் எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஆதார், பத்திரம், சாதிச் சான்றிதழ், பிள்ளைகளின் டி.சி. என்று ஊர்க் காகிதமெல்லாம் என் கை வழியாகத்தான் போகும். சபைக் காகிதமும் அப்படியே. ஓலைப் படிவம் தீர்ந்துபோனால் ஒன்றைக் கொண்டுவந்து ஐம்பது எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்தவர் விஷயம் நிறைய எனக்குத் தெரியும், எதையும் படிக்காததுபோல் முகத்தை வைத்துக்கொள்ளவும் தெரியும். அந்த முகம் ஒரு திறமை என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

தம்பி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் டிசைன் வேலை. அப்பா இல்லை, அம்மா எங்கள் வீட்டில் இருக்கிறாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் வருவான், அம்மா பெண் போட்டோவைக் காட்டுவாள், அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறுவான். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள், மதியம் எனக்குச் சோறு கொண்டுவந்தவன் தூக்குவாளியை மேஜையில் வைத்துவிட்டுப் போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்தான். கடையில் வேறு ஆள் இல்லை.

“அக்கா, பொம்பளப் பிள்ளைங்க மேல எனக்கு ஆசை வரல்லக்கா. சின்ன வயசுலேருந்தே வந்ததில்ல. எனக்கு ஆம்பளைங்க மேலதான்,” என்றான்.

நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. “டாக்டர்கிட்ட காட்டுனியாலே?” என்றேன்.

அவன் சிரித்தான். “காட்டுனேன். உனக்கு ஒரு சீக்கும் இல்லன்னு சொல்லிட்டாரு.”

கோயம்புத்தூரில் ஆறு வருஷம் ஒரே வீட்டில் கூட இருந்தவனைப் பற்றிச் சொன்னான். அந்தப் பையனை எனக்குத் தெரியும். இரண்டு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து, வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டு, அம்மாவுக்கு ஒரு போர்வையும் கொடுத்துவிட்டுப் போனவன். நல்ல சிநேகிதன் கிடைத்திருக்கிறான் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அவன் வீட்டில் அவனுக்குக் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது தம்பி தூக்குவாளியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

அம்மாவிடமும் முந்தின நாளே சொல்லியிருக்கிறான். அம்மா கத்தவில்லை, அடிக்கவில்லை. போனை எடுத்துப் போதகரைக் கூப்பிட்டாள்.

எங்கள் போதகர் இளவயதுக்காரர். அவரைக் கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கொரோனா சமயத்தில் சொந்தக்காரர்களே ஒதுங்கி நின்றபோது சவப்பெட்டியைத் தோளில் தூக்கியவர். என் தம்பிக்காக அவர் மூன்று நாள் உபவாசம் இருந்தார். இது உன் சுபாவம் இல்லை, உனக்கு வந்த சோதனை, கல்யாணம் என்பது ஆண்டவர் கொடுத்திருக்கிற மருந்து, விசுவாசத்தோடு சம்மதி, அவர் மாற்றுவார் என்று அவனிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அழுதாராம்.

“நீ என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

“சரின்னுட்டேன். அம்மா ஒரு பக்கம் அழுதா. ஐயா எனக்காகப் பட்டினி கெடக்காரு. எத்தன பேரத்தான் வதைக்க?”

“அப்பொறம் என்கிட்ட எதுக்குலே சொல்லுத?”

“ஒனக்குத் தெரியணும்க்கா,” என்றான். சோறு ஆறுது என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

பெண் பனவடலிசத்திரம் பக்கம். எங்கள் ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை. கலகலவென்று பேசுவாள். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பொங்கல் கழிந்து நிச்சயம் செய்தார்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாற்பது நாளும் எங்களில் கல்யாணம் கிடையாது என்பதால் அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள்.

அதே சமயத்தில்தான் வெள்ளிக்கிழமை வேதபாடத்தில் போதகர் இந்தப் பொருளையே எடுத்தார். வாலிபர் சங்கத்தில் ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது பற்றிய கோர்ட்டுத் தீர்ப்பை யாரோ கேட்டார்கள், அதனால் என்று காரணம் சொன்னார். என் தம்பிதான் காரணம் என்று எனக்குத் தெரியும். நான்கு பக்கத்தில் குறிப்பு எழுதி அறுபது பிரதி எடுக்க என் கடைக்குத்தான் கொடுத்துவிட்டார். சோதோம் ஊர் எரிந்த கதை, மோசேயின் சட்டம், பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதியது என்று வரிசையாக இருந்தது. இயந்திரம் தாளைத் தள்ளத் தள்ள நான் நின்றுகொண்டே முழுவதையும் படித்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவள் ஒருத்திதான். என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் இருந்தவள். மதுரையில் இறையியல் படித்துவிட்டு வந்து இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். ஊர் அவளை டீச்சர் என்றே கூப்பிடும், நானும் அப்படித்தான். கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“ஐயா, சோதோம் செஞ்ச பாவம் என்னன்னு எசேக்கியேல் தீர்க்கதரிசி வெளிப்படையாவே சொல்லுதாரு. வயிறு நெறஞ்ச திமிரு, ஏழைக்குக் கை கொடுக்கல. வந்த விருந்தாளிகள ஊரே சேந்து நாசம் பண்ணப் பாத்துது. அது வன்முறை. ரெண்டு பேரு ஒருத்தரோட ஒருத்தர் பிரியமா இருக்கதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

“மோசேயின் சட்டத்துல இது நேரடியாவே இருக்கே டீச்சர்,” என்றார் போதகர்.

“அதே சட்டத்துல ரெண்டு வகை நூல் கலந்த துணி உடுத்தக்கூடாதுன்னும் இருக்கு. நம்ம ஊருத் தறியில பாதி அந்தத் துணிதான் ஓடுது. இங்கன உக்காந்திருக்கவங்க உடுத்தியிருக்கதும் அதுதான்.”

எல்லாரும் அவரவர் சேலையையும் சட்டையையும் குனிந்து பார்த்தார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். போதகர் கோபப்படவில்லை. சடங்குச் சட்டம் சிலுவையோடு முடிந்துவிட்டது, ஒழுக்கச் சட்டம் முடியவில்லை என்றார். எது சடங்கு எது ஒழுக்கம் என்று அங்கே கோடு போட்டா எழுதியிருக்கிறது, நாம்தானே பிரித்தோம் என்று அவள் கேட்டாள். நாம் பிரிக்கவில்லை, பவுலே சொல்கிறார் என்று அவர் ரோமாபுரி நிருபத்தை எடுத்தார். விக்கிரகக் கோவில் கூத்தையும் அடிமைகளை எசமான்கள் பாழாக்கியதையும்தான் பவுல் கண்டிக்கிறார், இருவர் சமமாகக் குடித்தனம் நடத்துவதை அவர் பார்த்திருக்கவே மாட்டார், பார்க்காததைப் பற்றி அவர் தீர்ப்புச் சொன்னதாக எப்படிச் சொல்கிறீர்கள் என்று அவள் விடவில்லை.

“பவுல் எதப் பாத்தாரு எதப் பாக்கலன்னு ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும் டீச்சர்?” என்று போதகர் கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான் என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு சபை இரண்டானது. பெண்கள் சங்கத்தில் டீச்சர் ஊற்றிக் கொடுத்த காப்பியை நாலு பேர் தொடவில்லை. பாடகர் குழுவில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறவள் ஆல்டோ குரலிலிருந்து உச்சக் குரலான சோப்ரானோவுக்கு மாறிக்கொண்டாள், அவளுக்கு அந்தச் சுருதி எட்டவே எட்டாது. டீச்சர் பதிலுக்கு ஆறு பக்கம் எழுதி என் கடைக்கே கொண்டுவந்தாள். இரண்டு பேருக்கும் நானே பிரதி எடுத்துக் கொடுத்தேன். பவுல் பேரைக் கேட்டாலே தூங்கிவிடுகிறவர்கள்கூட அந்த மாதம் வேதாகமத்தைப் புரட்டினார்கள்.

எல்லாரையும்விட அதிகமாகப் புரட்டியவள் நான். வேதம் இதைப் பாவம் என்று சொன்னால் இந்தக் கல்யாணத்துக்குத் தடை உண்டு, எழுந்து சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்தேன். பாவம் இல்லை என்றால் தடையும் இல்லை, சும்மா இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன். ஆகவே முதலில் வசனத்துக்கு அர்த்தம் தெரிய வேண்டும். ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கி வளர்ந்த எனக்கு வேறு மாதிரி யோசிக்க வரவில்லை. எனக்கு அர்த்தம் தெரிவதற்குள் முதல் ஞாயிறு ஓலை வாசித்துவிட்டார்கள். பேசாமல் இருந்தேன்.

அடுத்த புதன்கிழமை அந்தப் பெண் கடைக்கு வந்தாள். அவளுடைய ஞானஸ்நானச் சான்றிதழை எங்கள் சபை அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள். லேப் கோட்டுப் பையில் பேனாவும் ஒரு சீப்பும் சொருகியிருந்தாள். பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவள் கிளம்பாமல் நின்றாள்.

“மதினி, ஒண்ணு கேக்கட்டா? அவங்க எப்படி? போன்ல கூப்பிட்டா ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்காங்க. என்னயப் பிடிக்கலியோன்னு இருக்கு.”

கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளே வாயைத் திறந்து கேட்கிறாள். கோவிலில்லை, சபையில்லை, பதிவேடு இல்லை. நான் என்னுடைய அந்தத் திறமையான முகத்தை வைத்துக்கொண்டேன்.

“அவன் சின்னதுலேருந்தே அப்படித்தான் மக்கா. கூச்ச சுபாவம். போகப் போகச் சரியாயிரும்,” என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. “அதான் நானும் நெனச்சேன் மதினி,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தெளிந்த முகம்தான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. இரண்டாம் ஞாயிறு ஓலை வாசித்தபோது நான் பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்தின வாரம் நான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஒருவன் என்று தொடங்கினேன். அவள் பாதியிலேயே நிறுத்தினாள்.

“ஒன் தம்பிதானட்டி? ஐயா அந்தப் பாடத்த எடுத்த அன்னைக்கே யூகிச்சேன்.”

“இது பாவமா இல்லியா, அத மட்டும் சொல்லு,” என்றேன்.

அவள் ஒரு மணி நேரம் சொன்னாள். தாயின் வயிற்றிலிருந்தே வேறு விதமாகப் பிறந்தவர்கள் உண்டு என்று இயேசு சுவாமியே சொல்லியிருக்கிறார், அவர்களை அவர் ஏசவில்லை என்றாள். கிரேக்க வார்த்தைகளைப் பலகையில் எழுதுவதுபோல் விரலால் மேஜையில் எழுதிக் காட்டினாள். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒன் தம்பி மேல ஒரு குத்தமும் இல்லட்டி. ஆண்டவர் அவன அப்படியே ஏத்துக்கிடுதாரு,” என்றாள். எனக்கு அழுகை வந்தது. மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பாவம் இல்லை. அப்படியென்றால் தடை இல்லை.

ஆனாலும் போதகரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஓலைக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டுமா ஐயா என்று நேராகவே கேட்டேன். “பாவந்தான்மா. ஆனா அவன் அறிக்கை செஞ்சு ஜெபிச்சாச்சு. மன்னிச்ச பாவத்த எடுத்து யாரும் தடைன்னு சொல்லக்கூடாது. அது தேவனோட மன்னிப்பச் சந்தேகப்படுதது,” என்றார். என் தலையில் கை வைத்து ஜெபம்பண்ணினார்.

ஒரே மேஜையில் உட்கார்ந்து காப்பி குடிக்காத இரண்டு பேரும் எனக்கு ஒரே பதிலைக் கொடுத்துவிட்டார்கள். ஒருத்திக்குப் பாவம் இல்லாததால் தடை இல்லை, இன்னொருவருக்கு மன்னித்தாகிவிட்டதால் தடை இல்லை. நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன்.

மூன்றாம் ஞாயிறு தம்பி ஊரில் இருந்தான். ஆண்கள் பக்கத்தில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தான். போதகர் ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்டு நிறுத்தினார். அப்போது தம்பி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். பயப்படுகிறான் போலிருக்கிறது என்று நினைத்து, ஒன்றுமில்லை என்பதுபோல் தலையாட்டி லேசாகச் சிரித்தேன். அவன் திரும்பிக்கொண்டான். போதகர் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குப் போய்விட்டார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. டீச்சர் வந்து பாடினாள், போதகர் ஆசீர்வதித்தார், அம்மா சந்தோஷத்தில் ஒரு வாரம் இளமையாகத் திரிந்தாள். பெண் வேலையை விட்டுவிட்டு அவனோடு கோயம்புத்தூர் போனாள். வெள்ளிக்கிழமைகளில் வேதபாடச் சண்டை தொடர்ந்து நடந்தது. எனக்கு அதில் அக்கறை போய்விட்டது, என் கேள்விக்குத்தான் பதில் கிடைத்துவிட்டதே.

பதினான்கு மாதம் கழித்து, சித்திரை வெயிலில், கடைக்கு அவள் தனியாக வந்தாள். பாதி ஆளாக இளைத்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

“அவங்க நல்லவங்கதான் மதினி. ஒரு வார்த்தை கடுசாப் பேசுனதில்ல. சமைப்பாங்க, துணியெல்லாம் தொவச்சுப் போடுவாங்க. ஹால்ல படுத்துக்கிடுவாங்க. எனக்கு மட்டும் ஒண்ணும் வெளங்கல. பதிமூணு மாசம் நான் என்ன தப்பு செஞ்சேன்னு தேடுனேன். சோப்ப மாத்துனேன். உடுப்ப மாத்துனேன். கறுப்பா இருக்கோம்னு என்னென்னவோ கிரீம் போட்டேன். விசேஷம் உண்டான்னு எங்கம்மா வாரம் வாரம் கேக்கா. சனிக்கிழம தோறும் உபவாசம் இருந்தேன். எனக்குத்தான் ஏதோ கொறன்னு நெனச்சு.”

நான் மேஜையில் கிடந்த தாள்களை அடுக்கினேன்.

“போன மாசம் அவங்களே சொல்லிட்டாங்க. அழுதுட்டே சொன்னாங்க. ஓலை வாசிக்கதுக்கு முந்தியே ஒங்களுக்குத் தெரியுமாமே?”

“தெரியும் மக்கா,” என்றேன்.

பிறகு நான் செய்ததுதான் கேவலம். மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். எத்தனை நாள் படித்தேன், டீச்சர் என்ன சொன்னாள், போதகர் என்ன சொன்னார், எசேக்கியேல், மோசே, பவுல் என்று ஒன்று விடாமல் சொன்னேன். பாவமா இல்லையா என்று தெரியாமல் எப்படி எழுந்து சொல்வது என்று அவளையே கேட்டேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். நோயாளி கையில் நரம்பு கிடைக்கிறவரை காத்திருந்து பழகியவள்.

“இதுல நான் எங்கன மதினி இருக்கேன்?” என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவளே தொடர்ந்தாள். “அவங்க பாவியா இல்லியான்னு மூணு வாரம் சபையே உக்காந்து பேசியிருக்கீங்க. ரெண்டு பேரு தாளு அடிச்சுக் கொடுத்திருக்காங்க. ஒங்க ஐயா அவங்களுக்காகப் பட்டினி கெடந்திருக்காரு. டீச்சர் அவங்களுக்காகச் சண்ட போட்டிருக்காங்க. எனக்காக யாரு என்ன செஞ்சீங்க? நான் இந்தக் கடையில இதே எடத்துல நின்னுதான் ஒங்ககிட்ட கேட்டேன்.”

அந்த அறுபது பிரதியிலும் ஆறு பக்கத்திலும் அவள் இல்லை. எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. தம்பியைத் தாழ்த்தியவரும் தூக்கிப் பிடித்தவளும் நானும், எல்லாருமே அவனைப் பற்றித்தான் பேசினோம். ஓலையில் இரண்டு பெயர் இருந்தது. இரண்டாவது பெயரை நாங்கள் வாசிக்க மட்டும் வாசித்தோம்.

கல்யாணம் செல்லாது என்று கோர்ட்டில் கேட்கப்போவதாகச் சொன்னாள். முன்பே தெரிந்தும் அவளிடம் மறைத்தார்கள் என்பதற்கு ஒரு ஆள் எழுதிக் கொடுத்தால் நல்லது என்று வக்கீல் சொன்னாராம். “தருவீங்களா?” என்று கேட்டாள். ஒரு நாள் பொறு என்றேன். ஒரு நாள் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்டேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். “ஏட்டி, கூடப்பொறந்தவன நடுத்தெருவுல நிறுத்தப்போறியா? எழுதிக் கொடுத்தா நான் ஒன் மொகத்துல முழிக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள். தம்பிக்குப் போன் போட்டேன். அவள் வந்ததையும் கேட்டதையும் சொன்னேன். நீ வேண்டாம் என்றால் எழுதவில்லை என்று அவன் தலையில் பாரத்தை வைக்கப் பார்த்தேன்.

“எழுதிக் கொடுக்கா,” என்றான்.

“ஊருக்கெல்லாம் தெரிஞ்சுரும்லே.”

“தெரியட்டும்.” பிறகு, “ஒன்கிட்ட நான் எதுக்குச் சொன்னேன்னு நெனச்ச?” என்று கேட்டான். “அம்மாவ எதுத்து என்னால நிறுத்த முடியாது. ஒனக்குத் தெரிஞ்சா நீ நிறுத்திருவன்னு நெனச்சேன். மூணாவது ஓலைக்கு லீவு போட்டுட்டு அதுக்குத்தான் வந்தேன். திரும்பிப் பாத்தேன். நீ சிரிச்ச.”

“நீ பயப்படுதன்னு நெனச்சுத்தாம்லே சிரிச்சேன்,” என்றேன். “அந்தப் பிள்ளைக்கு நல்லபடியா எழுதிக் கொடு,” என்று சொல்லி வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் எழுத உட்கார்ந்தேன். இத்தனை பக்கம் பிரதி எடுத்தவளுக்கு நான்கு வரிக்கு மேல் எழுத எதுவும் இல்லை. இன்னார் என் தம்பி. அவனுக்குப் பெண்களிடம் விருப்பம் இல்லை என்பதை அவனே என்னிடம் சொன்னான். இது எனக்கும் என் தாயாருக்கும் தெரியும். பெண்ணிடம் நாங்கள் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன். எசேக்கியேலுக்கும் பவுலுக்கும் அதில் ஒரு வேலையும் இல்லை.

பதினொரு மணிக்கு அவள் வந்தாள். நின்றபடியே படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

“எப்பத் தெரியும்னு போடலியே,” என்றாள். “ஓலைக்கு முந்தியா பிந்தியான்னு வக்கீல் கேப்பாரு.”

தாளை வாங்கி, முதல் ஓலை வாசிப்பதற்கு முன்பே என்று கீழே சேர்த்தேன். பிறகு, அவளே கேட்டு வந்த அன்றைக்கும் சொல்லவில்லை என்று இன்னொரு வரியும் எழுதினேன். அதை அவள் கேட்கவில்லை. என்னை மன்னித்துக்கொள் மக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு காப்பி எடுத்துக் கொடுங்க மேடம்,” என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். சூடு ஆறாத தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு, பனவடலிசத்திரம் பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்துக் கடையில் போய்க் கேட்டாள்.